உண்கலமும் ஆய்வுக்கலமும்: தென்னிந்தியாவில் வயிற்றுப்புண், நீரிழிவு பற்றிய அறிவு வளர்ந்த வரலாறு

தென்னிந்திய மருத்துவ வரலாற்றில் வயிற்றுப்புண்ணும் நீரிழிவும் தனித்தனி அத்தியாயங்களாகவே பேசப்பட்டு வந்துள்ளன. முன்னது வறியவரின் நோயாகவும் பின்னது வசதி படைத்தவரின் நோயாகவும் நெடுங்காலம் கருதப்பட்டதால், இவற்றை ஒருங்கே வைத்துப் பார்க்கும் தேவை எழவில்லை. எனினும் இவ்விரு நோய்களையும் பற்றிய அறிவு எங்கே, எவ்வாறு திரண்டது என்று பின்தொடர்ந்து சென்றால், இரண்டின் தடங்களும் நீலகிரி மலையில் வந்து சேர்வதையும், நாள்தோறும் உண்ணும் பயிர்ப்பொருள் எந்த நிலையில் உடலுக்குக் காவலாகிறது, எந்த நிலையில் கேடாகிறது என்ற ஒரே கேள்வியே இரண்டையும் இயக்கியிருப்பதையும் காணலாம்.

பெயர்களில் உறைந்த அறிவு

நீரிழிவு என்னும் சொல்லில் உள்ள ‘இழிவு’ தாழ்வைக் குறிப்பதன்று. இழிதல், அதாவது கீழ்நோக்கி ஒழுகுதல் என்னும் பழைய பொருளிலேயே அது நிற்கிறது. நோயாளியின் உடலிலிருந்து நீர் அளவின்றி ஒழுகிப் போவதைக் கண்டவர்கள் இட்ட பெயர் அது. மதுமேகம் என்னும் வடமொழிப் பெயரோ அளவைவிடச் சுவையைக் கவனித்தவர்கள் இட்டதாகும். மது என்றால் தேன், மேகம் என்றால் சிறுநீர்க் கோளாறு. சிறுநீரின் இனிப்பையும், அதில் எறும்பு மொய்ப்பதையும் பழைய ஆயுர்வேத நூல்கள் நோயின் அடையாளமாகக் கொண்டிருந்தன. ஐரோப்பாவில் இந்த இனிப்பை 1674இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் எழுதிவைத்தார். அது சர்க்கரையே என்பதை 1776இல் லிவர்பூல் மருத்துவர் மேத்யூ டாப்சன், சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்துக் கிடைத்த படிவைக் கொண்டு காட்டினார். குறை சிறுநீரகத்தில் அன்றிக் கணையத்தில் இருக்கிறது என்பது, 1889இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மேரிங் ஆகியோர் கணையம் நீக்கப்பட்ட நாய்க்கு நீரிழிவு தோன்றுவதைக் கண்டபோதுதான் தெளிவாயிற்று.

வயிற்றுப்புண்ணுக்குச் சித்த மருத்துவத்தில் இவ்வளவு கூர்மையான தனிப்பெயர் இல்லை. உண்டபின் வயிற்றில் எரிவு, வலி, புளித்த ஏப்பம், வாந்தி ஆகியவற்றோடு உடலையும் மனத்தையும் குன்றச் செய்யும் நோய்களையெல்லாம் அது ‘குன்மம்’ என்று தொகுத்து, எட்டு வகையாகப் பிரித்தது. இன்று இரைப்பைப் புண் என்றும், இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடலில் தோன்றும் முன்சிறுகுடல் புண் என்றும் பிரித்துச் சொல்லப்படுபவற்றின் அறிகுறிகள் பெரும்பாலும் இக்குன்ம வகைகளுக்குள் அடங்கும். உடலைத் திறந்து பார்க்காமல் புண்ணின் இடத்தை அறிய வழியில்லாத காலத்தில் அறிகுறியே நோயின் பெயராக இருந்தது இயல்பே.

உதகையில் ஆராயப்பட்ட இலை

தென்னிந்தியக் காடுகளில் வேலிகளிலும் புதர்களிலும் ஏறிப் படரும் சிறுகுறிஞ்சான் என்னும் கொடியின் இலையை மென்றால், அதன்பின் வாயிலிட்ட சர்க்கரை சிறிது நேரம் இனிப்பதில்லை. ‘சர்க்கரைக்கொல்லி’ என்னும் மறுபெயர் இப்பண்பினால் வந்ததே; வட இந்தியாவில் வழங்கும் ‘குட்மார்’ என்ற பெயருக்கும் வெல்லத்தைக் கொல்வது என்பதே பொருள். ஆங்கில அலுவலர்கள் இதனை 1847இலேயே அறிவியல் உலகுக்குத் தெரிவித்திருந்தாலும், இலையின் வேதியியலை முதலில் ஆராய்ந்தவர் டேவிட் ஹூப்பர் ஆவார். மலேரியா காய்ச்சலுக்கு மருந்தாகிய குயினைனைத் தரும் சிங்கோனா மரங்கள் நீலகிரியில் அரசுத் தோட்டங்களாக வளர்க்கப்பட்ட காலத்தில், அவற்றின் பட்டையைப் பகுப்பாய்வு செய்ய உதகமண்டலத்தில் சென்னை அரசு அமர்த்திய வேதியியலாளர் அவர். 1887இல் வெளியிட்ட ஆய்வுக் குறிப்பில், இனிப்புச் சுவையை மறைக்கும் அமிலப் பொருளைப் பிரித்தெடுத்து அதற்கு ஜிம்னெமிக் அமிலம் என்று பெயரிட்டார். இலையை மென்ற பிறகு குயினைனின் கசப்பும் மட்டுப்படுகிறது என்று அவர் குறித்தது, நாள்தோறும் குயினைனோடு பழகியவரின் கண்ணுக்கும் நாவுக்கும் மட்டுமே எளிதில் தட்டுப்படக்கூடிய செய்தியாகும்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஹூப்பர் நிறுவியது நாவைப் பற்றிய உண்மை. இரத்தத்தைப் பற்றிய உண்மையன்று. ஜிம்னெமிக் அமிலம் நாவில் இனிப்பை உணரும் ஏற்பிகளில், அதாவது சுவைப்பொருள் வந்து பொருந்தும் புரதங்களில், சிறிது நேரம் அமர்ந்து இனிப்பை அறியவிடாமல் தடுக்கிறது. நாவில் சர்க்கரையைக் ‘கொல்லும்’ இலை உடலிலும் அதைக் கொல்லும் என்று மக்கள் கொண்ட நம்பிக்கை, பெயரிலிருந்து பிறந்த ஊகம். அந்த ஊகம் மனிதரிடம் முறையாகச் சோதிக்கப்பட ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1990இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், மாத்திரையால் சமாளிக்கக்கூடிய இரண்டாம் வகை நீரிழிவு கொண்ட 22 பேருக்கு இலைச் சாறிலிருந்து தயாரித்த பொருள் நாள்தோறும் 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதங்கள்வரை வழக்கமான மாத்திரைகளோடு சேர்த்துத் தரப்பட்டது; இரத்தச் சர்க்கரை குறைந்ததோடு, ஐவர் மாத்திரையை நிறுத்தவும் முடிந்தது. ஊக்கம் தரும் முடிவேயாயினும், 22 பேரைக் கொண்ட ஓர் ஆய்வு ஒரு மருந்தை நிலைநாட்டப் போதுமானதன்று.

நெய்யூரும் குன்னூரும்

1838இல் இலண்டன் மிஷன் சங்கத்தார் நெய்யூரில் தொடங்கிய மருத்துவமனை, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், அன்றைய திருவிதாங்கூர் அரசில் இருந்தது. 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தில் பங்கேற்ற ஹோவர்ட் சோமர்வெல் என்னும் அறுவை மருத்துவர், மலையிலிருந்து இறங்கி இந்தியாவைச் சுற்றிப் பார்த்தபோது நெய்யூரில் குவிந்திருந்த நோயாளர் கூட்டத்தைக் கண்டு, அங்கேயே பணிபுரிய முடிவு செய்தார். அங்கு அவர் மிகுதியாகக் கண்ட நோய்களுள் ஒன்று முன்சிறுகுடல் புண். புண் ஆறி வடுவாகி, வடு சுருங்கி, இரைப்பையின் வாயில் அடைபட்டு, உண்டதெல்லாம் வாந்தியாக, உடல் மெலிந்து வந்தவர்கள் பலர். அடைபட்ட இடத்தைத் தவிர்த்து இரைப்பையை நேரே சிறுகுடலோடு இணைக்கும் அறுவை மருத்துவத்தைப் பெருந்தொகையில் செய்த அவர், ஓர் (Orr) என்னும் பெயருடைய உடன்பணியாளரோடு சேர்ந்து 1936இல் தம் அனுபவங்களைப் பிரித்தானிய அறுவை மருத்துவ இதழில் வெளியிட்டார்.

இவ்வளவு பேருக்கு இந்நோய் வரக் காரணம் என்ன என்ற கேள்விக்கு அவர்கள் உணவைச் சுட்டினர். திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மன்னர் ஊக்குவித்த மரவள்ளிக்கிழங்கு, அரிசி கட்டாத எளிய குடும்பங்களின் முதன்மை உணவாகிவிட்டிருந்தது. கிழங்கும் காரக் குழம்புமே பலருக்கு முழுச் சாப்பாடு. மாவுச்சத்து மிகுந்து, புரதமும் உயிர்ச்சத்துகளும் குன்றிய இவ்வுணவின் விளைவு நீலகிரியின் குன்னூரில் சோதிக்கப்பட்டது. அங்கு மருத்துவர் இராபர்ட் மெக்காரிசன் 1918இல் பெரிபெரி நோய் விசாரணையாகத் தொடங்கிய பணி வளர்ந்து உணவூட்ட ஆய்வுக்கூடமாக மாறியிருந்தது. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்கு ஊட்டி அவற்றின் உடல்நிலையை ஒப்பிடுவது மெக்காரிசனின் முறை. திருவிதாங்கூர் ஏழையின் மரவள்ளி உணவை உண்ட எலிகளில் கால் பங்குக்கும் மேற்பட்டவற்றுக்கும், அரிசியை முதன்மையாகக் கொண்ட சென்னை மாகாண உணவை உண்டவற்றில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்கும் இரைப்பையில் புண் கண்டது. கோதுமை, பால், பருப்பு, காய்கறி கொண்ட பஞ்சாபியர் உணவை உண்ட எலிகளுக்கு அது தோன்றவே இல்லை. வயிற்றுப்புண்ணின் வரைபடம் உணவின் வரைபடத்தோடு பொருந்துகிறது என்பதை ஓர் ஆய்வுக்கூடம் கண்ணுக்குக் காட்டியது இவ்வாறே.

கொள்ளும் தவிடும்

விடுதலைக்குப் பின் இந்த வரைபடம் மேலும் விரிந்தது. இரயில்வே மருத்துவரான மல்ஹோத்ரா, நாடெங்கும் பணியாற்றும் இரயில்வே ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளை ஒப்பிட்டு, அரிசி உண்ணும் தெற்கிலும் கிழக்கிலும் வயிற்றுப்புண் மிகுதி, கோதுமை உண்ணும் வடமேற்கில் குறைவு என்று 1964இல் எழுதினார். ரொட்டியை நெடுநேரம் மெல்வதால் ஊறும் உமிழ்நீர் இரைப்பைக்குக் காப்பாகிறது, குழம்பும் மோரும் ஊற்றிப் பிசைந்த சோற்றுக்கு மெல்லும் வேலையே இல்லை என்பது அவர் தந்த விளக்கம். மைசூரில் ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனையில் பணிபுரிந்த பிராங்க் டோவி என்னும் அறுவை மருத்துவர் வேறொரு திசையில் சிந்தித்தார். அரிசி கேடு செய்கிறது என்பதைவிட, வேறு சில உணவுகள் காவல் செய்கின்றன என்பதே உண்மையாக இருக்கலாம் என்று கருதி, நோய் குறைவான பகுதிகளின் உணவுப் பொருள்களைப் பின்னர் இலண்டனில் ஜெயராஜ் முதலியோருடன் சேர்ந்து எலிகளில் சோதித்தார்.

அந்தச் சோதனைகளில் காவல் தந்தவற்றுள் கொள்ளும் ஒன்று. குதிரைக்குத் தீனி என்றும், ஏழை வீட்டுத் துவையலுக்கும் இரசத்துக்கும் உரியது என்றும் ஒதுக்கப்பட்ட இப்பயறின் கொழுப்புப் பகுதியில் அந்தக் காப்புத்தன்மை இருந்தது. மேலும் பிரித்துப் பார்க்கையில் பாஸ்போலிப்பிட், ஸ்டெரால் என்னும் இரு பொருள்களில் அது தங்கியிருப்பது தெரிந்தது. பாஸ்போலிப்பிட் என்பது ஒரு முனை நீரோடும் மறுமுனை எண்ணெயோடும் ஒட்டும் கொழுப்பு மூலக்கூறு. இரைப்பையின் உட்சுவரைக் கோழைப் படலத்தோடு இத்தகைய கொழுப்புப் படலமும் போர்த்தியிருப்பதால், தாமரை இலையில் நீர் ஒட்டாததுபோல் அமிலம் சுவரில் ஒட்டாமல் நிற்கிறது. புதிய தவிட்டுக்கும் காப்புத்தன்மை இருந்தது. ஆனால் தேங்கிக் காறிய தவிட்டெண்ணெய் எதிர்விளைவைத் தந்தது. ஆலையில் தீட்டப்பட்ட அரிசி தன் காவலைத் தவிட்டோடு இழந்துவிடுகிறது என்பதே இதன் பொருள்.

1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷல், ராபின் வாரன் ஆகியோர் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரை இரைப்பையில் கண்டறிந்தபின், வயிற்றுப்புண் பெரும்பாலும் தொற்றுநோய் என்றாயிற்று. 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. உணவே காரணம் என்ற கொள்கை அத்தோடு முடிந்துவிட்டதாகப் பலர் கருதினர். ஆயினும் தொற்று இந்தியா முழுவதும் பரவலாக இருக்க, புண் மட்டும் சில பகுதிகளில் ஏன் மிகுந்தது என்ற கேள்வியை டோவி விடவில்லை. நுண்ணுயிர் படையெடுக்கிறது, சுவரின் வலிமையை உணவு முடிவு செய்கிறது என்பது அவர் நிலைப்பாட்டின் சாரம்.

அதிமதுரத்தின் இரு முகங்கள்

இரைப்பையைக் காக்கும் பயிர்ப்பொருள்களில் மருந்துக்கடை வரை சென்ற முதன்மைச் சான்று அதிமதுரம். தமிழ் மருத்துவத்தில் தொண்டைக்கும் வயிற்றுக்கும் வழங்கிவந்த இவ்வேரின் சாறு வயிற்றுப்புண்ணை ஆற்றுகிறது என்று நெதர்லாந்து மருத்துவர் ரெவெர்ஸ் 1946இல் வெளியிட்டார். அவ்வேரின் கிளிசிரெட்டினிக் அமிலத்திலிருந்து பிரித்தானியாவில் உருவாக்கப்பட்ட கார்பினாக்சலோன் என்னும் மருந்தை, புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியதால் புகழ்பெற்ற ரிச்சர்ட் டால், 1962இல் மருத்துவ ஆய்வில் சோதித்து, இரைப்பைப் புண் விரைந்து ஆறுவதை உறுதி செய்தார். கோழையைச் சுரக்கத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் உடற்பொருள் சிதையாமல் இது காப்பதே அதற்குக் காரணங்களுள் ஒன்று.

ஆனால் ரெவெர்ஸின் நோயாளிகளிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முகமும் கைகால்களும் வீங்கின. அதே அமிலம் சிறுநீரகத்தில் கார்டிசால் என்னும் இயக்குநீரைச் செயலிழக்கச் செய்யும் நொதியையும் தடுத்துவிடுவதால், உடலில் உப்பும் நீரும் தேங்கி, இரத்த அழுத்தம் உயர்ந்து, பொட்டாசியம் குறைகிறது. 1976இல் சிமெடிடின் என்னும் அமிலங்குறைப்பு மருந்து வந்தபின் கார்பினாக்சலோன் வழக்கொழிந்தது. இந்த வரலாறு நீரிழிவாளருக்குத் தனிப் பொருளுடையது: உயர் இரத்த அழுத்தமும் சிறுநீரகப் பாதிப்பும் நீரிழிவோடு உடன்வருபவை என்பதால், வயிற்றுக்குக் காவலாகும் வேர் அவர்களின் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் சுமையாகக்கூடும்.

இராயபுரத்திலிருந்து ஊர்தோறும்

1922இல் கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங் குழுவினரின் இன்சுலின் முதல் நோயாளிக்குச் செலுத்தப்பட்டபின் நீரிழிவு சமாளிக்கக்கூடிய நோயாயிற்று. சமாளிக்க வேண்டுமானால் நோயாளி தன் நோயை அறிந்திருக்க வேண்டும் என்ற தேவையும் கூடவே பிறந்தது. சென்னையில் அத்தேவையை முதலில் உணர்ந்து செயற்பட்டவர் மருத்துவர் எம். விஸ்வநாதன். 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கிய அவர், 1954இல் இராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே ஒரு மருத்துவமனையை நிறுவினார். மாவுச்சத்தை அறவே தவிர்க்கச் சொல்லும் மேலைநாட்டு முறை சோறுண்ணும் மக்களிடம் நிலைக்காது என்று கண்டு, நார்ச்சத்து மிகுந்த பயறு, காய்கறி, கீரையோடு கூடிய உள்ளூர் உணவு முறையை வகுத்ததும் இவருடைய பணியே.

அக்கால நோயாளிக்குக் கிடைத்த கருவி பெனடிக்ட் கரைசல். நீல நிறமான அக்கரைசலை 5 மில்லிலிட்டர் அளவு சோதனைக் குழாயில் எடுத்து, சிறுநீர் எட்டுத் துளி விட்டு, சாராய விளக்கில் கொதிக்க வைப்பார்கள். நீலம் மாறாதிருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் சிறிதளவு. மஞ்சளும் ஆரஞ்சும் மிகுதி. செங்கல் நிறம் கண்டால் கட்டுமீறியது என்று பொருள். எறும்பு சொன்ன செய்தியை நிறம் சொல்லத் தொடங்கியது. ஆனால் இரத்தத்தில் சர்க்கரை வெகுவாக உயர்ந்த பிறகே அது சிறுநீரில் இறங்குமாதலால், இந்த அறிவிப்பு எப்போதும் காலந்தாழ்ந்தே வந்தது.

நோயின் பரவலைக் காட்டும் எண்கள் அதனினும் காலந்தாழ்ந்து வந்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1970களில் நடத்திய கணக்கெடுப்பில் நகரங்களில் 2.1 விழுக்காட்டினருக்கும் சிற்றூர்களில் 1.5 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு காணப்பட்டது. 1980களின் இறுதியில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் 8.2 விழுக்காடும் சிற்றூர்ப் பகுதியில் 2.4 விழுக்காடும் கண்டனர். 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வு தமிழ்நாட்டுக்கு 14.4 விழுக்காடு என்ற அளவைத் தந்தது. கணக்கெடுத்த முறைகள் வேறுபடினும் போக்கின் திசையில் ஐயமில்லை.

நோய் பரவிய வேகத்தில் அறிவு பரவவில்லை. மருத்துவர் வி. மோகன் குழுவினர் சென்னையில் 26,001 பேரிடம் வினவி 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, நீரிழிவு என்றொரு நோய் உண்டு என்று கேள்விப்பட்டவர்கள் 75.5 விழுக்காடு, அதைத் தடுக்க முடியும் என்று அறிந்தவர்கள் 22.2 விழுக்காடு, அது பிற உறுப்புகளைக் கெடுக்கும் என்று அறிந்தவர்கள் 19 விழுக்காடு மட்டுமே. பெயர் தெரிந்த நோயாக அது இருந்ததேயன்றி, இயல்பு தெரிந்த நோயாக இல்லை. தடுக்க முடியும் என்பதற்கோ உள்நாட்டுச் சான்றே இருந்தது: 531 பேரைக் கொண்டு இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், நோயின் விளிம்பில் நின்றவர்கள் உணவையும் உடலுழைப்பையும் மாற்றிக்கொண்டபோது நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. 1991 முதல் பான்டிங் பிறந்த நாளாகிய நவம்பர் 14 உலக நீரிழிவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுவதும், 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுசெல்வதும் இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சிகளே.

இரு தடங்களும் கூடுமிடம்

மெக்காரிசனின் குன்னூர் ஆய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய உணவூட்ட நிறுவனமாக விளங்குகிறது. வயிற்றுப்புண்ணின் உணவுக் காரணத்தை எலிகளில் தேடிய அந்நிறுவனமே 1980களில் வெந்தயத்தை நீரிழிவாளர்களிடம் சோதித்து, அது இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதைக் காட்டியது. ஊறிய வெந்தயத்தைத் தொட்டால் விரலில் பிசுபிசுக்கும் வழுவழுப்பு, கேலக்டோமன்னன் என்னும் கரையும் நார்ச்சத்து. அது குடலில் கூழ்போல் நின்று, சர்க்கரை உறிஞ்சப்படும் வேகத்தை மட்டுப்படுத்துகிறது. 2002இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே வெந்தயம், சாராயத்தால் எலிகளின் இரைப்பையில் உண்டாகும் புண்ணைத் தடுப்பதையும், அவ்வழுவழுப்பான பகுதிக்கு அதில் சிறப்பான பங்கு இருப்பதையும் வெளியிட்டனர். ஒரே அஞ்சறைப்பெட்டி விதையில் இரு தேடல்களும் இவ்வாறு கூடின.

எனினும் எலியின் இரைப்பை மனிதனின் இரைப்பையன்று. கையளவு வெந்தயம் மாத்திரைக்கு ஈடுமன்று. இன்று உலகெங்கும் இரண்டாம் வகை நீரிழிவுக்குப் பெரும்பாலும் முதலில் எழுதப்படும் மெட்பார்மின் மாத்திரையின் வேரும் ஐரோப்பியப் புல்வெளிகளில் வளரும் கலேகா என்னும் செடியில்தான் இருக்கிறது. ஆனால் அச்செடியின் கலேகின் என்னும் பொருள் நச்சுத்தன்மையுடையதாக இருந்தது; அதையொத்த, தீங்கு குறைந்த சேர்மம் 1922இல் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டிருந்தாலும், 1957இல் பிரெஞ்சு மருத்துவர் ஜான் ஸ்டெர்ன் மனிதரிடம் சோதித்து முடிவுகளை வெளியிட்ட பிறகே மருந்தாயிற்று. செடி வழிகாட்டியது, அளவும் சோதனையும் அதை மருந்தாக்கின.

இந்த வரலாறு தரும் தீர்ப்பு இலைகளுக்கு எதிரானதன்று. சோதிக்கப்படாத நம்பிக்கைக்கு எதிரானது. தவிடு நீங்காத அரிசியும் கொள்ளும் வெந்தயமும் உணவாகத் திரும்பி வரவேண்டியவை. மருந்தென்று பெயர் சூட்டப்பட்ட சிறுகுறிஞ்சான் பொடியோ அதிமதுரச் சூரணமோ, சர்க்கரை மாத்திரை உண்பவர் தம் மருத்துவரிடம் சொல்லாமல் சேர்த்துக்கொள்ளத் தக்கவையல்ல. முன்னது மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையை அளவுக்குமீறி இறக்கலாம், பின்னது இரத்த அழுத்தத்தை ஏற்றலாம். ஹூப்பரின் இலை இன்றும் நாவின் இனிப்பைத்தான் ஐயமின்றி மறைக்கிறது; இரத்தத்தின் இனிப்பை அறிய அதை அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.